யார் வீட்டில் 54 கிராம் எண்ணெய்?

எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று டில்லியிலிருந்து உபதேசம் வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் பிரதமர் தமது மாதாந்திர வானொலிப் பேச்சில், நாட்டில் உடல் பருமன் பெருகிவருகிறது, ஆகவே ஒவ்வொருவரும் மாதந்தோறும் சமையல் எண்ணெயில் 10 சதவிகிதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகு பிரபலஸ்தர்கள் பலரும் இதே பல்லவியைப் பாடினார்கள்.

தொப்பை வளர்த்தவர்களுக்கு இது நல்ல புத்திமதிதான். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் புத்திமதி சொல்லுகிறவர் யாரைப் பார்த்துச் சொல்லுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வெயிலில் குனிந்து நாற்று நடுகிறவளையும், குளிரூட்டிய அறையில் நாற்காலியை விட்டு எழாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இருவரும் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள் என்றால் என்ன அர்த்தம்? குறைக்கிறதற்கு முதலில் இருக்க வேண்டாமா?

இந்த உபதேசத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு சராசரிக் கணக்கு. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2024-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நாள் கணக்கில் இது 54 கிராம். ஆண்டுக்கு 12 கிலோ, அதாவது நாளுக்கு 33 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கருத்து. ஆகவே நாம் எல்லோரும் அளவுக்கு மீறித் தின்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

54 கிராம் எப்படி வந்தது? நாட்டில் செலவாகும் எண்ணெய் முழுவதையும் ஜனத்தொகையால் வகுத்தால் வருவது அது. நட்சத்திர ஓட்டலின் வாணலி, மிட்டாய்க் கடை, சிப்ஸ் கம்பெனி, பிஸ்கட் ஆலை, கலியாண மண்டபத்துச் சமையற்கட்டு அத்தனையும் அதில் அடக்கம். ஆலை முதலாளி வீட்டு விருந்தில் பொரித்த அப்பளமும், அதே ஆலையில் பஞ்சு அள்ளுகிறவர் வீட்டில் தாளிக்காமல் இறக்கிய குழம்பும் கூட்டி வகுக்கப்பட்டு, இருவர் இலையிலும் சமமாக 54 கிராம் வைக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் சமதர்மம் வந்துவிட்டது!

நம் வீட்டுக் கணக்கு

நம் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். ரேஷன் கடையில் கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில், விலை 25 ரூபாய். 2007-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருவது இது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். முப்பது நாளுக்கு, நான்கு பேருக்கு என்று பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழரைக் கிராம். ஒன்றரைத் தேக்கரண்டி. மளிகைக் கடையில் இன்னொரு லிட்டர் வாங்கினால் பதினைந்து கிராம். பண்டிகை வந்து மேலும் அரை லிட்டர் வாங்கினாலும் இருபதைத் தொடுவதில்லை.

விஞ்ஞானிகள் என்ன சொல்லுகிறார்கள் என்று பாருங்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பட்டியலில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், நடுத்தர உழைப்புக்கு 30 கிராம், கடும் உழைப்பாளிக்கு 40 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. பெண்களுக்கு முறையே 20, 25, 30. இது சமையலில் ஊற்றும் எண்ணெயும் நெய்யும் மட்டும். பால், மீன், கடலை இவற்றுக்குள் மறைந்திருக்கும் கொழுப்பு தனி.

அதிகம் உழைப்பவனுக்கு அதிகம் என்பது விஞ்ஞானம் போட்ட பங்கீடு. மார்க்கெட் போட்ட பங்கீடு இதற்கு நேர்மாறு.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. கடும் உழைப்பு உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை என்று அதே பட்டியல் சொல்லுகிறது. நூறு கிராம் அரிசியில் இருப்பது சுமார் 350 கலோரி. அரிசி ஒன்றையே நம்பினால், நாள்தோறும் ஏறக்குறைய ஒரு கிலோ அரிசியைப் பொங்கித் தின்ன வேண்டும்! கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்து தருவது 4 கலோரிதான். 40 கிராம் எண்ணெய் கிடைத்தால் நூறு கிராம் அரிசியின் வேலையை அது செய்துவிடும். எண்ணெய்க்கு வழியில்லாதபோது மலிவான சோற்றால் வயிற்றை நிரப்பிக்கொள்கிறோம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், சர்க்கரை நோய் பெருகுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டென்றும் 2025-ல் வெளிவந்த பெரிய ஆய்வு கூறுகிறது. சர்க்கரை நோய் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. வெள்ளைச் சோறு மட்டுமே தெரிந்த குடிசைக்குள்ளும் அது நுழைந்துவிட்டது.

2023-24-ம் ஆண்டின் சர்க்கார் சர்வேயிலும் சராசரிகள் அழகாகத்தான் இருக்கின்றன. தலைக்கு 2,200 கலோரிக்கு மேல். கொழுப்பு கிராமத்தில் நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம், நகரத்தில் சுமார் 70 கிராம். அதே சர்வேயின் அடிவரிசையைப் பாருங்கள். மிகவும் ஏழைகளான 5 சதவிகிதம் பேருக்கு, கிராமமானாலும் நகரமானாலும், 1,700 கலோரி கூடக் கிடைப்பதில்லை. பருமனைக் குறை என்ற உபதேசம் இவர்கள் காதிலும் விழுகிறது.

நம்மவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. நூற்பாலையில் சைடு பார்க்கிறவர் ஷிப்ட் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர் இடத்தை விட்டு அசைய முடிவதில்லை. களைப்பு இருவருக்கும் உண்டு. எரியும் கலோரி ஒன்றல்ல. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே இருப்பவர் மாலையில் டீயுடன் இரண்டு போண்டா, இரவில் புரோட்டா என்று பழகிவிட்டால், டில்லி உபதேசம் அவருக்குப் பொருந்தத்தான் செய்யும். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு நடக்கிறது. பொரித்த மீன் துண்டு ஆண்பிள்ளைக்கு, முட்டை வேலைக்குப் போகிறவருக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்துகொள்கிறவள் தாய். அவளும் காலையில் களையெடுத்துவிட்டு வந்தவள்தான். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நாளொன்றுக்கு 30 கிராம் எண்ணெய் வேண்டும் என்று பட்டியல் சொல்லுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொழுப்பு இன்னும் அவசியம். அதன் வயிறு சிறியது, மூளை வளரும் வேகமோ பெரியது. வெறுங் கஞ்சி ஊட்டுகிறதை விட அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஊட்டுவது மேல். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து கூட, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் சரியாக ஒட்டும். ஆகவே எண்ணெயைக் குறை என்ற பேச்சைக் கேட்டுக் குழந்தையின் தட்டில் கை வைத்துவிட வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ரயில்வே ஊழியர்களின் சாட்சி

அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அதைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. ரயில்வே வைத்தியப் பகுதியில் பணியாற்றிய டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய ரயில்வே ஊழியர்களிடையே இருதய நோயால் ஏற்பட்ட மரணங்களை ஆராய்ந்து, 1967-ம் ஆண்டில் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது வைத்திய உலகத்தையே புருவம் உயர்த்தச் செய்தது. பஞ்சாப் பக்கத்து ஊழியர்கள், தெற்கே உள்ளவர்களைப் போல் 8 முதல் 19 மடங்கு வரை கொழுப்பு உண்டார்கள். பெரும்பாலும் பால், தயிர், நெய். தெற்கத்தியார் உண்டதோ சொற்பம்; அதுவும் வித்து எண்ணெய். ஆனால் இருதய நோய் மரணம் தெற்கேதான் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம்!

இதைப் படித்துவிட்டு நெய் குடித்தால் நெஞ்சு வலி வராது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு கணக்கு இரண்டு ஊர்களின் வித்தியாசத்தைக் காட்டும். அதன் காரணத்தை நிரூபித்துவிடாது. புகையிலை, உடலுழைப்பு, சோற்றின் அளவு, சிகிச்சை வசதி எல்லாமே சேர்ந்துதான் மனிதனைக் காக்கின்றன அல்லது கொல்லுகின்றன. அந்தப் பஞ்சாபே இன்று மாறிவிட்டது. 2016-ம் ஆண்டுக் கணக்கின்படி இருதய ரத்தக்குழாய் நோய் மிகுந்த மாநிலங்களில் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு மூன்றுமே முன்வரிசையில் நிற்கின்றன. நாம் எடுத்துக்கொள்ளுவது இவ்வளவுதான்: கொழுப்பு எத்தனை கிராம் என்று கேட்பதோடு, என்ன கொழுப்பு, எதனுடன், யார் உடம்புக்குள் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

என்ன கொழுப்பு?

எண்ணெய்களில் சாதி பல. உடம்புக்குள் போய் ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துகிற வகைக்கு நிறைவுற்ற கொழுப்பு என்று பெயர். ஒருவர் உண்ணும் மொத்தக் கலோரியில் பத்து சதவிகிதத்துக்கு மேல் இது போகலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இது நூற்றுக்கு இருபது பங்குக்குள்தான் இருக்கிறது. ரேஷன் பாமாயிலில் நாற்பது பங்குக்கு மேல். தேங்காய் எண்ணெயில் தொண்ணூறு. தென்னை விவசாயிகள் கோபித்துக்கொள்ளலாகாது, உண்மை இதுதான்.

அப்படியானால் பாமாயில் விஷமா? இல்லை. இப்படிப் பிரசாரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாதம் ஒரு லிட்டரை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளுகிற வீட்டில், அந்தப் பாமாயிலால் ஆளுக்குக் கிடைக்கும் நிறைவுற்ற கொழுப்பு நாளுக்கு மூன்று கிராம்தான். அதனால் எவர் இருதயமும் அடைத்துவிடாது. 25 ரூபாய் எண்ணெய் இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளில் தாளிப்பே இல்லை. பாமாயில் கெடுதல் என்று காரணம் காட்டி ரேஷன் எண்ணெயை நிறுத்துவதற்கு எவனாவது வழி பார்த்தால், முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாமே.

ஆபத்து வேறு வாசலில் இருக்கிறது. அதே பாமாயில், பன்னாக, பப்ஸாக, பிஸ்கட்டாக, மிக்சராக, பஜ்ஜியாக வேடம் மாறி வந்து வயிற்றில் சேருகிறது. வீட்டு அடுப்பில் ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியும் எண்ணெய், பொட்டலத்துக்குள் போனால் தெரிவதில்லை. நல்ல சாப்பாடு வாங்கக் காசில்லாதபோது பசியை அடக்க ஒரு டீ, ஒரு பன் என்று நாளை ஓட்டுகிற வாலிபத் தொழிலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

வனஸ்பதியின் கதை இன்னும் மோசம். திரவ எண்ணெய்க்குள் நிக்கல் உதவியால் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்யைப் போல உறைய வைத்ததுதான் வனஸ்பதி. டால்டா என்ற பெயரில் 1937-ல் இது நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. நெய் வாங்க முடியாதவனுக்கு நெய் என்று விற்றார்கள். அப்படி அரைகுறையாக உறைய வைக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்குவதால், எந்தக் கொழுப்பையும் விட இருதயத்துக்குக் கேடு செய்வது இதுவே. உலகத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் இதனால் சாகிறார்கள் என்று 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. டென்மார்க் 2003-லேயே இரண்டு சதவிகிதம் என்று வரம்பு கட்டிவிட்டது. நம் நாட்டில் 2015-ல் 5 சதவிகிதம், 2021-ல் 3, 2022 ஜனவரி முதல் 2 என்று இறங்கி வந்தார்கள். டால்டா வந்து எண்பத்தைந்து ஆண்டுகள்! நெய் உண்டவர்களுக்கு அந்த அவசரம் இருந்திருக்க நியாயமில்லை.

சட்டம் வந்துவிட்டது; வாணலி மாறவில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெட்டு, உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் அதில் பெருகுகின்றன. அப்படிப்பட்ட சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. டீக்கடைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. வடை பத்து ரூபாய்க்கு மேல் போனால் வாங்க ஆளில்லை. எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மிஞ்சியதைக் கொட்ட அவருக்கு மனசு வருமா?

அடுப்பும் வயலும்

நம் ஜனங்கள் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் விட்டு ஏன் பாமாயிலுக்கு வந்தார்கள்? நாக்கு மாறியதால் அல்ல. 1986-ல் எண்ணெய் வித்து இயக்கம் ஒன்றைத் தொடங்கி, 1990-களின் ஆரம்பத்தில் நாட்டின் தேவையை ஏறக்குறைய நாமே பூர்த்தி செய்துகொள்ளும் நிலைக்கு வந்தோம். 1994-ல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். மலிவான எண்ணெய் வந்து குவிந்தது. மணிலாக்கொட்டை போட்டவன் கட்டுப்படியாகாமல் வேறு பயிருக்குப் போனான், அல்லது நிலத்தைத் தரிசாகப் போட்டான். கடலை பறிக்கப் போன பெண்களுக்கு அந்த வேலை போயிற்று. கூலியோடு மடியில் கட்டிக்கொண்டு வந்த நாலு படிக் கடலையும் போயிற்று. இன்று நாட்டின் தேவையில் பாதிக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன், கப்பலில் வருகிறது.

அந்தக் கப்பல் புறப்படுகிற கரையிலும் நம் வியர்வை உண்டு. மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று எண்ணெய்ப் பனை நட்டது 1917-ல், சிலாங்கூரில், தென்னமாரம் என்ற தோட்டத்தில். 1960-களிலிருந்து ரப்பர்த் தோட்டங்கள் பலவும் பனைக்கு மாறின. பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் செம்பனைக் குலை வெட்டின. பிறகு தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அவர்களில் ஏராளமானவர்கள் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

சர்க்கார் இதற்கு என்ன செய்கிறது? 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு இறக்குமதி வரியைச் சைபரிலிருந்து 20 சதவிகிதமாக உயர்த்தினார்கள். கடையில் விலை ஏறியது. 2025 மே மாதக் கடைசியில் 10 ஆகக் குறைத்தார்கள். விவசாயி வயிற்றில் அடித்துக்கொண்டான். வரியைக் கூட்டினால் அடுப்பு அழுகிறது, குறைத்தால் வயல் அழுகிறது. இதற்கு நடுவே 2021-ல் எண்ணெய்ப் பனை வளர்க்க 11,040 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். நம் மானாவாரி நிலத்தில் நாலு மழைக்கு விளையும் எள்ளுக்கும் கடலைக்கும் உரிய திட்டம் மூன்று ஆண்டு கழித்து வந்தது.

அடுப்பையும் வயலையும் மோதவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. ரேஷன் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடு என்று விவசாய சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. நாம் இதை ஆதரிக்கிறோம். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறோம். முதலாவது, கார்டுக்கு ஒரு லிட்டர் என்பதும் 25 ரூபாய் என்பதும் மாறக் கூடாது. விலை வித்தியாசத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். இரண்டாவது, வித்தை இடைத்தரகன் மூலம் அல்ல, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நேராக விவசாயியிடம் வாங்க வேண்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு ஒரே நாளில் எண்ணெயை மாற்ற முடியாது என்பது நமக்கும் தெரியும். கடலை விளையும் ஜில்லாக்களில் தொடங்கட்டும். கடலை எண்ணெய் கிடைக்கிற மாதம் அது, கிடைக்காத மாதம் பாமாயில். ஒரே எண்ணெயை விடப் பல எண்ணெய்களை மாற்றி மாற்றி உபயோகிப்பதே நல்லது என்றுதான் ஊட்டச்சத்து நிபுணர்களும் சொல்லுகிறார்கள். மரச்செக்கு எண்ணெய் இன்று பாமாயிலைப் போல் இரண்டு மூன்று மடங்கு விலையில் பட்டணத்துப் பெரிய கடைகளில் அழகான பாட்டிலில் நிற்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மாடு கட்டி ஆட்டிய செக்கு அது!

மீனையும் மறக்கக் கூடாது. இருதயத்துக்கு மிக நல்ல கொழுப்பு மத்தி மீனில் இருக்கிறது. சாளை என்றும் சொல்லுவார்கள். ஏழையின் மீன் என்று பெயரெடுத்த அதையே, மூட்டை மூட்டையாக மீன் மாவு ஆலைகளுக்கு அனுப்பி, இறால் பண்ணைக்குத் தீவனமாக்குகிறார்கள். இறால் கப்பலேறிப் போகிறது.

சர்க்கார் கேட்கிற வரையில் காத்திருக்காமல் செய்யக் கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் வேண்டும், அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிவைக்கப்பட்டது. 2020-ல் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அந்த 250-ஐ 100 ஆக்கியது. ஆனால் பல ஆலைகளில் கமிட்டி என்பது ஆண்டுக்கொரு முறை கையெழுத்துப் போடுகிற நோட்டுப் புத்தகம்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். டின்னின் மேல் என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கிறது? வாணலியில் இருப்பது எத்தனை நாள் எண்ணெய்? கறுத்துப் போய், பிசுபிசுத்து, அடுப்பில் வைத்த உடனேயே நுரைத்துப் புகைகிறதா? புகைந்தால், அன்றைய வடையை மானேஜர் மேஜைக்கு ஒரு தட்டு அனுப்பிவைக்கச் சொல்லலாம்.